மாஸ்லோ வரையாத முக்கோணம்

பாளையங்கோட்டையில் பி.எட். படிக்கிற பிள்ளைகளிடம் மனிதநேய உளவியல், அதாவது மனிதனின் வளர்ச்சியையும் நல்வாழ்வையும் முன்வைக்கிற உளவியல் என்றால், கை தானாக ஒரு முக்கோணம் போட்டுவிடும். அடியில் சோறு தண்ணீர், அப்புறம் பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, உச்சியில் தன்னிறைவு, அதாவது தனக்குள் இருக்கிற திறமை முழுதும் வெளிப்பட வாழ்வது. பரீட்சைக்குச் சரி. ஆனால் இந்தத் தேவை வரிசையைச் சொன்ன அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோவின் 1943 கட்டுரையில் முக்கோணமே கிடையாது. வரிசை ஆளுக்கு ஆள் மாறும், ஒன்று முழுதாக நிறைந்த பிறகுதான் அடுத்தது தலைகாட்டும் என்றில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறார். உடல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, தன்னிறைவு 10 என்று ஒரே ஆளுக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் நிறைந்திருக்கலாம் என உத்தேசக் கணக்கும் போட்டார். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற அம்மா, கூலி வாய்க்கும் வயிற்றுக்குமே இழுபறியாக இருந்தாலும் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரியைப் பாக்கி வைக்க மாட்டார். படிக்கட்டுக் கணக்கில் அவரை எங்கே நிறுத்துவது?

மனிதநேய உளவியலாளர்களை, ஃபிராய்டையும், வெளியே தெரிகிற நடத்தையை மட்டும் ஆராய்கிற நடத்தையியலையும் தூக்கி எறிந்துவிட்டு வந்த கூட்டம் என்று எழுதுவதும் பாதிதான் சரி. மாஸ்லோ, உளவியலாளர் ஹார்லோவிடம் குரங்குகளை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். தன்னிறைவு என்ற கருத்தும், மூளையில் அடிபட்ட முதல் உலகப்போர் வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கோல்ட்ஸ்டைனிடமிருந்து வந்தது. 1961இல் தனி ஆய்விதழ் தொடங்கியபோது அவர்களுக்கிருந்த குறை, நோயையும் எலியையும் பார்த்தவர்கள் நல்லபடி வாழ்கிற மனிதனைப் பார்க்கவில்லையே என்பதுதான்.

வீட்டில் அதிகம் நடப்பது இதே கூட்டத்து உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் விஷயத்தில் வரும் தவறு. அவர் சொன்ன நிபந்தனையற்ற ஏற்பு, எப்படி இருந்தாலும் ஒருவரை மனிதராக மதிப்பது. அதைக் கேட்டதும், பிள்ளை எதைச் செய்தாலும் தட்டிக்கொடுப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். "பெரியப்பா மவனப் பாருல" என்பது நிபந்தனை என்று எல்லோருக்கும் தெரியும். "ஒன்ன மாதிரி அறிவாளி உண்டால?" என்பதும் நிபந்தனைதான், நாளைக்கு மார்க் குறைந்தால் அந்தப் பட்டம் போய்விடுமோ என்று பிள்ளை பயப்படும். ஒத்துணர்வு (அடுத்தவர் மனதை அவர் இடத்தில் நின்று புரிந்துகொள்வது), ஏற்பு இவற்றோடு ஆலோசனை தருகிறவரின் உண்மைத்தன்மையையும் ரோஜர்ஸ் 1957இல் கட்டாயமாக்கினார். உள்ளே கொதித்துக்கொண்டு வெளியே சிரிப்பது அதில் சேராது. "எனக்கு வருத்தந்தாம்ல. ஒனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் நம் ஆட்களுக்கு வராது.

சொன்னதையே திருப்பிச் சொல்வதும் ஒத்துணர்வு ஆகாது. 1966இல் எலிசா என்ற கணினி நிரலே அதைச் செய்துகாட்டிவிட்டது.

மாஸ்லோவை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தன்னிறைவு பெற்றவர்கள் யார் என்று லிங்கன், ஐன்ஸ்டீன் என அவரே பொறுக்கியெடுத்து, அவர்களிடம் கண்ட குணங்களைப் பட்டியலிட்டார். அதை ஆய்வு முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று: பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், சாவைப் பற்றிப் பேசினால், காது கொடுத்துக் கேட்பதோடு நிறுத்தக் கூடாது. அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும். ராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், காசு கிடையாது.