மறைந்து திரும்பிய நீலம்

கடலூர் முதுநகரில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்ற நொதியின் சோதனையைச் செய்து காட்ட முயன்று மூன்று நாள்கள் வீணான பிறகு, நேற்றுதான் தவறு பிடிபட்டது, பெரும் நிம்மதி. மாவுக்கரைசலில் உமிழ்நீரைக் கலந்து அயோடின் சொட்டியபோது, மாவுச்சத்து இருந்தால் தோன்றும் நீலம் வராமல் வெளிர்மஞ்சளாகவே நின்றதால், மாவுச்சத்து செரித்துவிட்டது என்று எழுதச் சொன்னேன். சற்று நேரத்தில் அதே குழாய் அடர்நீலமாகியிருந்தது.

அயோடின் பழையது என்று எண்ணிப் புதிய புட்டியைத் திறந்தேன். பிறகு ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பைச் சந்தேகித்து வாலை வடிநீருக்கு மாறினேன். அதுவும் வீண், இந்த நொதிக்குக் குளோரைடு அயனி தேவை என்பதால், சிறிதளவு உப்பு உதவியே செய்யும்.

பலரும் கவனிக்காதது இதுதான்: மாவுச்சத்தும் அயோடினும் சேர்ந்து தரும் நீலம் நல்ல சூட்டில் மறைந்து, ஆறியதும் திரும்பும். குழாயைத் தொட்டேன், விரல் பொறுக்கவில்லை. கொதித்த கரைசலை ஆறவிடாமலே உமிழ்நீரை ஊற்றியிருக்கிறேன். நொதி ஒரு புரதம். அதன் மடிந்து சுருண்ட வடிவத்தைத் தாங்கும் வலுவற்ற பிணைப்புகள் அந்தச் சூட்டில் அறுந்து, மாவு மூலக்கூறு வந்து பொருந்தும் இடமே குலைந்துவிடுகிறது. வெந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போல, ஆறினாலும் அது பழைய நிலைக்கு வருவதில்லை.

கரைசலை 37 டிகிரி செல்சியஸுக்கு ஆறவிட்டு, வெப்பமானியில் உறுதிசெய்த பின்னரே உமிழ்நீரைச் சேர்த்து, வெதுவெதுப்பான நீரில் குழாயை நிறுத்தினேன். அவ்வப்போது ஒரு சொட்டெடுத்து, வெள்ளை ஓட்டில் வைத்த ஆறிய அயோடினில் கலந்தபோது, நீலம் செம்பழுப்பாகி, பின் அயோடினின் நிறம் மட்டுமே எஞ்சியது. இன்று காலையிலும் நீலம் திரும்பவில்லை.