ரோமில் ஒரு டிராட்டோரியாவில் முதல் முறை சாப்பிடப் போகிறீர்களா?

டிராட்டோரியா என்பது ரோம் நகரத்தின் தெருக்களுக்குள் இருக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள்தான் அங்கே வாடிக்கையாளர்கள். ஒழுங்கு தெரிந்துவிட்டால் பயமே வேண்டாம்.

முதலில் நேரம். மதியம் 12.30க்கு மேல், இரவு 7.30 அல்லது 8 மணிக்கு மேல் போங்கள். மாலை 6 மணிக்குப் போனால் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும். இரவுக்கு முன்கூட்டியே இடம் சொல்லி வைப்பது நல்லது.

உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்பார்கள். சாதாத் தண்ணீர் 'நத்துராலே', சோடா போல நுரைப்பது 'ஃப்ரிட்சான்தே'. ரொட்டிக்கு பில்லில் தனியாகக் காசு இருக்கலாம். அது ஏமாற்று இல்லை, வழக்கம்.

அடுத்து மெனு. அந்திபாஸ்தி தொடக்கத்துக்கு, பிரிமி பாஸ்தா வகை, செகோந்தி இறைச்சி, கொந்தோர்னி காய்கறி. நான்கையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆளுக்கு ஒரு பாஸ்தா, நடுவில் பகிர்ந்துகொள்ள ஒரு காய்கறி போதும்.

சரி, எந்த பாஸ்தா? ரோமின் நான்கு பாஸ்தாக்களும் ஒரே குடும்பம். செம்மறியாட்டுப் பாலில் செய்த பெக்கோரினோ சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த நீர், இவ்வளவுதான் காச்சோ எ பெப்பே. அதில் குவாஞ்சாலே என்ற பன்றிக் கன்னக் கொழுப்பை வறுத்துச் சேர்த்தால் கிரிச்சா. கிரிச்சாவில் தக்காளி விழுந்தால் அமாத்ரிச்சானா, முட்டை சேர்ந்தால் கார்போனாரா. ரோமின் கார்போனாராவில் கிரீம் கிடையாது. முதல் நாள் காச்சோ எ பெப்பேயையே கேளுங்கள். சூடு கொஞ்சம் கூடினாலும் சீஸ் கட்டி கட்டியாகிவிடும். அது வழுவழுவென்று வந்திருந்தால் அந்தச் சமையற்காரரை நம்பி மற்றதையும் கேட்கலாம்.

சைவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெக்கோரினோ ரொமானோவுக்குப் பாலை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். அது ஒத்துவராது என்றால் தக்காளி மட்டும் சேர்த்த பாஸ்தாவை 'சென்சா ஃபொர்மாஜ்ஜோ', அதாவது சீஸ் இல்லாமல், கேளுங்கள். புன்தாரெல்லே என்ற கீரை சாலட்டிலும் நெத்திலி போன்ற சிறுமீன் இருக்கும்.

இறைச்சி சாப்பிடுபவர்கள் டெஸ்டாச்சோ பகுதிக்குப் போக வேண்டும் என்பேன். 1975 வரை அங்கே நகரத்தின் இறைச்சிக்கூடம் இருந்தது. வேலையாட்களுக்குக் கூலியின் ஒரு பங்காகக் குடல், வால், இரைப்பை கிடைக்கும். அவற்றிலிருந்து பிறந்த சமையலுக்கு 'குவிந்தோ குவார்த்தோ', ஐந்தாவது கால்பங்கு என்று பெயர். மாட்டுவால் குழம்பான கோதா அல்லா வச்சினாராவைத் தவறவிடாதீர்கள். எலும்பிலிருந்து சதை தானாகக் கழன்று விழும். சனிக்கிழமை என்றால் இரைப்பைக் கறியான திரிப்பா, வியாழக்கிழமை என்றால் உருளைக்கிழங்கில் செய்யும் சின்ன உருண்டைகளான ஞொக்கி. இது ரோமின் பழைய கிழமைக் கணக்கு.

தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடலாம். அதற்கு 'ஸ்கார்பெத்தா' என்று பெயரே உண்டு. அப்புறம் ஒரு எஸ்பிரெசோ. கப்புச்சினோ அங்கே காலை நேரத்துக்கானது. பில் தானாக வராது, நீங்கள் எழுந்து போக வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. கிளம்பத் தோன்றும்போது, 'இல் கோந்தோ, பெர் ஃபவோரே' என்று சொல்லுங்கள்.