பஞ்சு வேண்டாம், வேட்டி போதும்: கோடை லீவில் ஒரு ஒட்டுத்துணிப் போர்வை

நான் முதலில் தைத்த போர்வையை எங்கள் வீட்டில் யாருமே போர்த்தவில்லை. வீடியோவில் சொன்னபடி நடுவில் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பை வைத்து, ஒரு மாதம் முதுகு ஒடியத் தைத்து முடித்துப் பார்த்தால், திருநெல்வேலி வெயிலுக்கு அதைப் போர்த்துவது அடுப்படியில் படுத்த மாதிரி இருந்தது. மார்கழியில்கூடப் பாதி ராத்திரியில் காலால் தள்ளிவிட்டார்கள். இப்போது அது பீரோ மேலே இருக்கிறது. அதற்கப்புறம்தான் எங்கள் ஆச்சி பழைய சேலையை நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்டுப் பிள்ளைகளுக்கு விரித்தது ஞாபகம் வந்தது. அந்தக் கனம்தான் நம் ஊருக்குச் சரி. ஆகவே இங்கே சொல்லப்போவது மூன்று அடுக்குப் போர்வை: மேலே சதுரம் சதுரமாக வெட்டித் தைத்த துணி, நடுவில் ஒரு பழைய எட்டு முழ வேட்டி, அடியில் ஒரு பழைய காட்டன் சேலை. பஞ்சே கிடையாது.

ஒற்றைக் கட்டிலுக்கு 60 இஞ்ச் அகலம், 84 இஞ்ச் நீளம் போதும். சதுரங்களை ஆறரை இஞ்சுக்கு வெட்டினால், நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலில் போக, ஆறு இஞ்ச் மிஞ்சும். குறுக்கே 10, நெடுக்கே 14, மொத்தம் 140 சதுரம். நாலு சேலை எடுத்தால் ஒவ்வொன்றிலும் 35. சேலைக் கரையை விட்டுவிட்டு வெட்டினால் அகலத்தில் ஐந்து வரும், ஒன்றேகால் மீட்டர் நீளத்தில் ஏழு வரிசை வரும், அவ்வளவுதான் தேவை. அதாவது சேலையில் முக்கால்வாசி நைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை.

நைந்ததா இல்லையா என்று பார்க்க, இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துணியை வெடுக்கென்று இழுங்கள். பர்ரென்று சத்தம் வந்தால் அந்த இடத்தைத் தொடவேண்டாம். இன்னொன்று, பல வருஷம் கட்டின சேலையை முழுசாக விரித்துப் பார்த்தால் அதில் இரண்டு நிறம் இருக்கும். உள்ளே சுற்றிச் செருகின பாகம் வாங்கின நாள் மாதிரியே பளிச்சென்று இருக்கும், வெளியே வெயில் பட்ட பாகம் வெளுத்திருக்கும். அத்தையின் மாம்பழ நிறச் சேலை ஒன்றில் எனக்கு அடர் மஞ்சளும் சந்தன நிறமும் தனித்தனியாகக் கிடைத்தன. போர்வையில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வர இதைவிட நல்ல வழி இல்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே துணி, ஒரே கனம், சேர்த்துத் தைத்தால் ஒன்றை ஒன்று இழுக்காது.

டெய்லர் கடையில் வெட்டுத்துணி கேட்டு வாங்குகிறவர்கள் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வந்து சாம்பல் பொடியாக உதிரும், பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான முத்தாக நின்றுவிடும். முத்து வந்தால் ஒதுக்கிவிடுங்கள், உடம்பில் பட்டால் புழுங்கும். புதுத்துணி சேர்த்தால் முதலில் துவைத்துக் காயவைத்து, சுருங்கவேண்டியது சுருங்கின பிறகு வெட்டுங்கள். கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்பார்கள். நானும் செய்தேன், சிவப்பு அப்புறமும் ஒழுகத்தான் செய்தது. ஈரத்துணியை வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்திப் பாருங்கள், கறை ஒட்டாமல் வரும்வரை அலசுங்கள். நாலு தடவை அலசியும் நிற்கவில்லை என்றால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு இல்லை.

இனி வேட்டி. எட்டு முழம் என்பது ஏறக்குறைய 144 இஞ்ச், அகலம் 50 வரும். இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் சேர்த்தால் 72-க்கு 100, நமக்கு வேண்டிய அளவைவிடப் பெரிதாகவே இருக்கும். சேர்க்கும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைத்தால் நடுவில் வரப்பு மாதிரி தட்டும், ஆகவே இரண்டு விளிம்பையும் முட்டவைத்துக் கையால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிவிடுங்கள். கணக்கில் சிக்கல் இல்லை. வேட்டி கிடைப்பதுதான் சிக்கல். சித்திரை, வைகாசியில் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், கூழ்வத்தல் போட ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய வெள்ளை வேட்டி ஒதுக்கி வைத்திருப்பார்கள். நான் எடுத்தது அதைத்தான் என்று எனக்குத் தெரியாது. விடிகாலை ஐந்தரைக்குக் காய்ச்சின கூழ்ப் பானையோடு படியேறின அத்தை மேலே இருந்து சத்தம் போட்டார்கள்: "ஏ பிள்ளே, வத்தலுக்கு வச்சிருந்த வேட்டிய எங்க?" அது ஏற்கெனவே இரண்டாக வெட்டுப்பட்டுப் பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், கிடந்தது. அன்றைக்கு வத்தல் பிளாஸ்டிக் தாளில் போடப்பட்டது, இரண்டு நாளைக்கு எனக்குக் காப்பி ஆறித்தான் வந்தது. வெட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

வெட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் பாதி கொடுக்கலாம். சட்டை வாங்கின பெட்டியின் அட்டையில் ஆறரை இஞ்ச் சதுரம் ஒன்று வெட்டி, துணியில் கோடு போடும் சாக்கும் கையில் கொடுத்துவிட்டால், பத்து வயசுப் பிள்ளை அழகாகக் கோடு போடும். கத்தரி மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். அட்டையின் ஓரம் சாக்கு தேய்த்துத் தேய்த்து மழுங்கும், அதனால் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போகும், நமக்குத் தெரியாது. ஐம்பது சதுரத்துக்கு ஒருமுறை புது அட்டை போடுங்கள். இதைச் செய்யாமல் விட்டுக் கடைசி இரண்டு வரிசையில் ஒரு மூலைகூடச் சேராமல் நான் பிரித்துத் தைத்திருக்கிறேன்.

எப்போது தைப்பது என்பது எப்படித் தைப்பது என்பதைப் போலவே முக்கியம். மே 4-ல் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் மத்தியானம் மிஷின் பக்கமே போகமுடியாது, கை வியர்த்து ஊசி வழுக்கும், துணியில் கறை படியும். நான் கால் மிஷினை வாசல் பக்கத்துத் தார்சாவில் போட்டு, காலை ஐந்தரை முதல் எட்டரை வரைக்கும்தான் மிதிப்பேன். இஸ்திரி வேலையையும் அந்த நேரத்திலேயே முடித்துவிடுவேன். மத்தியானம் பிள்ளைகள் நுங்கு தின்றுவிட்டுத் தரையில் உருளும் நேரத்தில் கைத்தையல், நூல் வெட்டுவது, நிறம் பார்த்து அடுக்குவது.

சதுரங்களைப் பட்டாசல் தரையில் பரப்பும்போது ஃபேனை நிறுத்துங்கள். நிறுத்தமுடியாது என்பவர்கள் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சில்வர் தட்டை வையுங்கள். பரப்பி முடித்ததும் போனில் ஒரு போட்டோ எடுத்துவிட்டு, வரிசை வரிசையாக அடுக்கி, மேலே நம்பர் எழுதின சீட்டைக் குத்தி வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மணி என்று கன்னி இன நாட்டு நாய் ஒன்று இருக்கிறது, கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேலே இரண்டு செம்பொட்டு, ஒட்டின வயிறு. ஆளில்லாத நேரம் பார்த்து அந்த 140 சதுரத்தின் நடுவில் வந்து மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. போட்டோ இருந்ததால் பிழைத்தேன். அப்படியும் ஒரு சதுரம் குறைந்தது, ஒரு வாரம் கழித்து மாடிப்படிக்கு அடியில் கிடைத்தது.

சேர்க்கும்போது இரண்டு சதுரத்தை நல்ல பக்கம் உள்ளே இருக்கிறமாதிரி வைத்து ஓரத்தைத் தையுங்கள், முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்த ஜோடியை அப்படியே ஊசிக்கடியில் விடுங்கள். கொடியில் தோரணம் கட்டினமாதிரி வந்துகொண்டே இருக்கும், கடைசியில் மொத்தமாக வெட்டினால் நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். கால் இஞ்ச் தவறாமல் இருக்க, மிஷின் தகட்டில் ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, துணி விளிம்பை அதை உரசியபடி ஓடவிடுங்கள். ஒரு வரிசை முடிந்ததும் பின்பக்கத் தையல் மடிப்புகளையெல்லாம் ஒரே பக்கமாகத் தேய்த்துச் சாயுங்கள், அடுத்த வரிசையில் எதிர்ப்பக்கம். அப்போதுதான் வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து, நாலு மூலையும் ஒரு புள்ளியில் வந்து நிற்கும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள், பழந்துணி சட்டென்று கோணும்.

அடித்துணிக்கு ஒரு ஐந்தரை மீட்டர் சேலையில் 88 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டிப் பக்கவாட்டில் சேர்த்து, அகலத்தை 64-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். வேட்டியையும் அதே அளவுக்கு வெட்டுங்கள். மேல்துணியைவிடச் சுற்றிலும் இரண்டு இஞ்ச் கூடுதலாக இருக்கவேண்டும். தரையைத் துடைத்துவிட்டு, அடிச்சேலையை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, ஓரங்களை டேப்பால் தரையில் ஒட்டி, அதன்மேல் வேட்டி, அதன்மேல் சதுரத்துணி. ஒவ்வொரு அடுக்கையும் நடுவிலிருந்து வெளியே தடவிச் சுருக்கம் எடுங்கள். பிறகு கை அகலத்துக்கு ஒன்றாகப் பெரிய பெரிய தையல் ஓட்டி மூன்றையும் தற்காலிகமாகப் பிடித்துவையுங்கள், வேலை முடிந்ததும் உருவிவிடலாம். நான் ஊக்கு, குண்டூசி எதுவும் இந்த இடத்தில் வைப்பதில்லை. காரணம் மணிதான்.

வீட்டில் நாய் இருந்தால் ஊசிகளை எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள், ஊசி கோத்த நூலைத் தரையில் விட்டுவிட்டு எழுந்து போகவே போகாதீர்கள். நூல் தனியாக வயிற்றுக்குள் போனாலும் குடலை வெட்டிவிடும் அளவுக்கு ஆபத்து. வாயிலோ பின்பக்கமோ நூல் முனை தெரிந்தால் இழுக்கக்கூடாது, வெட்டவும் கூடாது, நேராகக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். நம் பக்கத்துக்கு ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

மூன்று அடுக்கையும் கால் மிஷினில் ஓட்டினால் மேல்துணி முன்னால் நகர்ந்து சுருக்கம் விழும், அதனால் கையாலேயே ஓட்டுத்தையல் போடுங்கள். எம்பிராய்டரி நூலில் மூன்று இழை, ஒரு கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். நடுச் சதுரத்தில் ஆரம்பித்து வெளியே வாருங்கள், ஓரத்திலிருந்து உள்ளே போனால் மிச்சத் துணியெல்லாம் நடுவில் புடைத்து நிற்கும். பஞ்சு என்றால் நெருக்கமாகத் தைக்காவிட்டால் கட்டிகட்டியாக ஒதுங்கும், வேட்டி நெய்த துணி என்பதால் மூன்று இஞ்சுக்கு ஒரு கோடு போதும். இதற்குத்தான் நாள் பிடிக்கும். கோபம் ஆறி அத்தையும் வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள், ஊசி ஒவ்வொரு சதுரத்துக்குப் போகும்போதும் இது யார் கல்யாணத்துக்கு எடுத்தது, இது எந்த வருஷத் தேருக்குக் கட்டினது என்று கணக்குச் சொன்னார்கள். அவர்கள் தையல் என்னுடையதைவிடப் பொடிசு, அந்தப் பக்கம் பார்த்தாலே தெரியும்.

சுற்றிலும் மிச்சத்தை நறுக்கிவிட்டு, இரண்டரை இஞ்ச் அகலத்தில் துணிப்பட்டையை இரண்டாக மடித்து ஓரம் கட்டுங்கள். சுற்றளவு 288, மூலை திருப்ப, முனை சேர்க்க என்று 300 இஞ்ச் வேண்டும். சேலை நீளத்தில் வெட்டினால் இரண்டு பட்டையில் முடிந்துவிடும். முன்பக்கம் மிஷின், பின்பக்கம் ஹெம்மிங். துவைத்து நிழலில் காயவையுங்கள், ஆனால் ஜூனில் சாரல் பிடிப்பதற்குள் செய்துவிடுங்கள், அப்புறம் மூன்று அடுக்கும் காய்வதற்குள் வாடை வந்துவிடும்.

வெட்டிப்போட்ட துண்டுகளை எறியவேண்டாம். பழைய தலையணை உறையில் அடைத்து, மேலே கழற்றித் துவைக்கிறமாதிரி கெட்டித்துணியில் இன்னொரு உறை போட்டால் நாய்க்கு மெத்தை. பட்டன், ஜிப் வேண்டாம், கடித்துவிடும், மடிப்பு வைத்தாலே போதும். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி ஒல்லி நாய்களுக்குச் சதை கிடையாது, தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் காய்ப்பு விழும், அதற்கு இது நல்லது. ஆனால் வெயில் காலத்தில் மரியாதை எதிர்பார்க்காதீர்கள். மே முழுக்க மணி அதைச் சுற்றிப்போய்ச் சிமெண்டுத் தரையில்தான் படுத்தது.

செலவு என்று பார்த்தால் நூல், ஊசி, சாக்கு மட்டும்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் வத்தலுக்கு ஒரு புது எட்டு முழ வேட்டி வாங்கிக்கொடுக்க வேண்டியிருந்தது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடை வெயில் பட்டால் அது நன்றாக மெத்தென்று ஆகிவிடும். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.