டம்மி டக் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் அம்மாங்க பண்ற தப்புங்க

ரெண்டு சிசேரியனுக்கு அப்புறம் எனக்கு வயித்து நடு தசை ரெண்டா பிரிஞ்சு போச்சு, தோலும் தொங்கிடுச்சு, யோசிச்சு யோசிச்சு போன வருஷம்தான் டம்மி டக், அதாவது தொங்குற தோல எடுத்துட்டு பிரிஞ்ச தசைய சேத்து தைக்கிற வயித்து ஆபரேஷன், பண்ணிக்கிட்டேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்த அப்புறம்தான் தப்பு மேல தப்பு பண்ணேன்.

மொத தப்பு, மறைச்சது. அழகுக்காக பண்ணிக்கிட்டான்னு யாராவது பேசுவாங்களோன்னு பயந்து மாமியார்கிட்ட சின்ன குடலிறக்கம்னு சொல்லிட்டேன். சின்னதுன்னு சொன்னா சின்னதாதானே எடுத்துக்குவாங்க? ஆறாவது நாள் குழாய்ல தண்ணி வந்ததும் "இன்னா மா, இன்னும் படுத்துக்கினே கீற, ரெண்டு குடம் புடிச்சு வை"ன்னாங்க. அவங்கள குத்தம் சொல்லவே முடியாது. வெளிய அடிவயித்துல ஒரு கோடுதான் தெரியும், ஆனா உள்ள பிரிஞ்ச தசைய மார்க்குழிக்கு கீழ இருந்து அடிவயிறு வரைக்கும் சேத்து தைச்சிருப்பாங்க, அது யாருக்கு தெரியும். வீட்ல சமைக்கிறவங்க, புள்ளைய பாத்துக்கிறவங்க ரெண்டு பேருக்காவது உண்மைய சொல்லிடுங்க.

பொதுவா ஆறு வாரத்துக்கு 4, 5 கிலோவுக்கு மேல எதையும் தூக்கக்கூடாதுன்னு சொல்வாங்க. ஒரு குடம் தண்ணியே 15 கிலோ வரும். குடத்த நான் தூக்கல, ஆனா எட்டாவது நாள் வாசப்படில விழுந்து அழுத என் சின்னவள தூக்கிட்டேன், ரெண்டரை வயசு, 12 கிலோ. சுரீர்னு ஒரு இழுப்பு. காயத்துல ஊறுற தண்ணி வெளிய வர ஒரு டியூப் வெச்சிருப்பாங்க, அது முனையில தண்ணி சேர்ற பல்பு மாதிரி ஒண்ணு இருக்கும், அதுதான் ட்ரெய்ன். நைட்டில ஊக்கு குத்தி மாட்டி வெச்சிருந்த அந்த பல்புல அதுவரைக்கும் வெளிர் மஞ்சளா வந்துட்டு இருந்த தண்ணி சாயங்காலம் திரும்ப ரத்த கலர்ல வந்துச்சு. தையல் பிரியலன்னு டாக்டர் சொன்னாங்க, ஆனா டியூப் இன்னும் நாலு நாள் கூட இருந்துச்சு. ஒரு நாளைக்கு சுமார் 30 மில்லிக்கு கீழ வந்தாதான் அத எடுப்பாங்க, அதனால தினமும் எவ்ளோன்னு ஒரு நோட்ல எழுதி வைங்க, ஒப்புக்கு எழுதாதீங்க.

ரெஸ்ட்னா படுத்தே கிடக்கிறதுன்னு நினைக்கிறதும் தப்புதான், இது ஆபத்தான தப்பு. அசையாம கிடந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டலாம், அது நுரையீரலுக்கு போனா உயிருக்கே ஆபத்து. மொத நாள்ல இருந்தே கொஞ்சம் குனிஞ்ச மாதிரியே வீட்டுக்குள்ள நடக்கணும். ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சாலோ, மூச்சு வாங்குனாலோ, நெஞ்சு வலிச்சாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்கு போங்க.

அப்புறம் பத்தியம். பருப்பு போட்டா சீழ் வைக்கும், முட்டை ஆகாது, தண்ணி அதிகமா குடிக்காதன்னு நம்ம பக்கம் ஆளாளுக்கு சொல்வாங்க, பாசத்துலதான் சொல்றாங்க. ஆனா புண் ஆற புரதம்தான் வேணும். தண்ணி கம்மியானா வலி மாத்திரையோட சேந்து மலச்சிக்கல் வந்துடும், முக்குனா அந்த அழுத்தம் தையல்லதான் போய் விழும். காயத்துல மஞ்சள், தேங்கா எண்ணெய் எதுவும் டாக்டர கேக்காம தடவாதீங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் வயித்த சுத்தி ஒரு இறுக்க பெல்ட் போட சொல்வாங்க, வேலூர் வெயில்ல அத போட்டுக்கிட்டு இருக்கிறது கொடுமை, கத்திரில கேக்கவே வேணாம். அதுக்காக கழட்டி வீசாதீங்க, ரெண்டு வாங்கி ஒண்ண தொவச்சு போட்டு மாத்திக்கலாம். மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே தாய்ப்பால் குடுக்கிறது, தூக்க கலக்கத்தோட புள்ளைய ஸ்கூல்ல விட ஸ்கூட்டி எடுக்கிறது, ரெண்டும் டாக்டர கேட்டுட்டுதான். மொத மாசம் கண்ணாடி முன்னாடி நின்னு அழாதீங்க, வீக்கம் வடியவே மூணு மாசம் ஆகும், சிலருக்கு அதுக்கும் மேல, தழும்பு மங்க ஒரு வருஷத்துக்கு மேல கூட ஆகும்.

புள்ள தூக்குன்னு கை நீட்டுனா பெத்த மனசு கேக்காது, எனக்கு தெரியும். நான் சோபால சாஞ்சு உக்காந்து வயித்து மேல ஒரு தலகாணிய வெச்சுக்குவேன், அவளே பக்கத்துல ஏறி உக்காந்து என் தோள்ல சாஞ்சுக்குவா. இப்படி பண்ண ஆரம்பிச்ச நாலாவது நாள்ல இருந்து தலகாணிய அவளே இழுத்துக்கினு வர ஆரம்பிச்சிட்டா.