ஆரம்ப சுகாதார நிலைய மருந்துகள்: நாம் செய்யும் தவறுகள்

சர்க்கார் மாத்திரை சும்மா கிடைக்கிறது, அதனால் வீரியம் கம்மி. இந்த நினைப்புதான் முதல் தவறு, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கிறது. சீட்டு போட்டு, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, மாத்திரையையும் வாங்கி வந்த பிறகு அதை டிவி மேல் போட்டுவிட்டு, அதே மெட்ஃபார்மினையும் (சுகர் மாத்திரை) அதே அம்லோடிபினையும் (பிரஷர் மாத்திரை) மெடிக்கல் ஷாப்பில் வேறு பெயரில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இந்த மாத்திரைகள் எப்படி வருகின்றன என்று தெரிந்தால் அந்தச் சந்தேகம் குறையும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. மாநிலத்துக்கு மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இறக்கி, ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அனுப்பும்போது தயாரித்த கம்பெனியின் பெயரை மறைத்துவிடுவார்கள், சோதிப்பவருக்கு ஒரு குறியீட்டு எண்தான் தெரியும். பாஸ் ஆன பிறகே அது ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று ஒதுக்கீடு இருக்கும், எடுக்க எடுக்க அதில் கழியும். இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் பிறகு கேரளாவும் ராஜஸ்தானும் தங்களுக்கென்று கழகம் அமைத்துக்கொண்டன. மொத்தமாக வாங்குவதால்தான் விலை குறைகிறது. மருந்தைக் குறைத்துப் போட்டு விலையைக் குறைக்கவில்லை.

டெண்டரில் கம்பெனி மாறும்போது மாத்திரையின் நிறமும் மாறும். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் ரோஸ். உடனே "மாத்திரை மாறிப்போச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள், அல்லது பழைய வெள்ளையையும் புதிய ரோஸையும் சேர்த்தே சாப்பிடுகிறார்கள். இரண்டாவது இன்னும் ஆபத்து. அம்லோடிபின் இரட்டிப்பாக உள்ளே போனால் பிரஷர் இறங்கித் தலைசுற்றும், வயதானவர் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வார். நிறத்தைப் பார்க்காதீர்கள், அட்டையின் பின்னால் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள். படிக்க முடியாதவர் என்றால் பழைய அட்டை, புதிய அட்டை, மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போய் மருந்து கொடுக்கிறவரிடம் காட்டினால் போதும். இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், அட்டையைக் கத்தரித்துத் துண்டு துண்டாக வைப்பதும், எல்லா மாத்திரையையும் உரித்து ஒரே டப்பாவில் போடுவதும். பெயரும் காலாவதித் தேதியும் போன பிறகு அது என்ன மருந்தென்று டாக்டராலும் சொல்ல முடியாது.

சுகர், பிரஷர் மாத்திரைதான் இன்று கிராமத்து மருந்து ஜன்னலில் அதிகம் போகிற சரக்கு, தவறுகளும் அங்கேதான் குவிகின்றன. "நார்மல் ஆயிடுச்சுன்னு சொன்னாங்க, நிறுத்திட்டேன்." மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மல் ஆனது, நிறுத்தினால் சில நாளில் பழையபடி ஏறும், ஏறுவது வெளியே தெரியாது. பக்கவாதம் வந்து 108-இல் ஏற்றும்போதுதான் தெரியும். அப்புறம், சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு சுகர் மாத்திரையை மட்டும் போடுவது. மெட்ஃபார்மின் தனியாக என்றால் பெரிய பயமில்லை, ஆனால் கிளிமிபிரைடு, கிளிபிசைடு மாதிரியான மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு களை வெட்டப் போனால் சர்க்கரை தரைக்கு இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் சோதனை செய்து பார்க்கக் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பஸ் இல்லாத ஊரில், நடக்க முடியாத பாட்டிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இதிலேயே ஒரு தவறு பிறந்திருக்கிறது: மாத்திரைதான் வருகிறதே என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருப்பது. வீட்டுக்கு வருகிற ஊழியர் பிரஷரும் சுகரும் பார்ப்பார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, கண்ணின் நரம்பு, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்பதெல்லாம் வாசலில் தெரியாது. சிறுநீரகம் கெட்ட பிறகு அதே அளவு மெட்ஃபார்மினைத் தொடரக்கூடாது. வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனைக்குப் போயே ஆக வேண்டும்.

இன்சுலின் வாங்குகிறவர்கள் அதை ஃப்ரீஸரில் வைக்காதீர்கள், உறைந்தால் வீண். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே அலமாரியில் வைத்தாலும் வீண். ஒரு பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதன் நடுவே சின்னப் பானையை வைத்து மருந்தை அதற்குள் மூடி வைக்கலாம்.

இப்போது காய்ச்சல். "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்பதைக் கேட்காத டாக்டர் கிராமத்தில் கிடையாது. பெரும்பாலான காய்ச்சலுக்கு ஊசி தேவையே இல்லை, பாராசிட்டமால் மாத்திரை உள்ளே போய் செய்கிற வேலையைத்தான் அந்த ஊசியும் செய்யும். போடவில்லை என்றால் கோபித்துக்கொண்டு டிகிரி இல்லாத ஒருவரிடம் போய் டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசியும் ஸ்டீராய்டும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அன்று இரவு காய்ச்சல் விட்டுவிடும், "கை ராசி" என்பார்கள். அது டெங்குவாக இருந்தால் நிலைமை வேறு. டெங்குவில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக் கசிவைக் கூட்டும். அதைவிட முக்கியமானது, டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம், அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். உடம்பு குளிர்ந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்து வேலைக்குப் போகிற அந்த நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, பிரஷர் விழுந்து அதிர்ச்சி நிலை (ஷாக்) வரும். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் படுக்கை வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நிலவேம்புக் கஷாயத்தைக் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதைக் குடித்தோம் என்பதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

உண்ணிக் காய்ச்சலைப் பற்றி நம் பக்கத்தில் பேசுவது ரொம்பக் குறைவு, தமிழ்நாட்டில் அது குறைவே இல்லை. புதர், வரப்பு, விறகு பொறுக்கப் போகிற இடத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் பலருக்கு சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பு மடிப்பு என்று பெரும்பாலும் மறைவான இடத்திலேயே இருக்கும். பெண்கள் கூச்சப்பட்டுக் காட்டுவதில்லை, கூட்டமான ஓபியில் யாரும் தேடுவதும் இல்லை. ஐந்து நாள் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை என்றால் வீட்டிலேயே ஒருவரை உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள், இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையிலேயே பெரும்பாலும் கேட்டுவிடும் நோய் இது. விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று இழுத்துக்கொண்டு போகும்.

குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும்போது சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள், பாட்டிலோடு வரும் மூடிதான் அளவு. பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும். சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் ஒரே வேளையில் 500 மில்லிகிராம், பெரியவர்களின் ஒரு மாத்திரை அளவு, கைக்குழந்தையின் வயிற்றில்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் கொடுத்தால் முகம் சுளிக்கிறார்கள், "வெறும் உப்புத் தண்ணி". 1971-இல் வங்காள அகதி முகாமில் காலரா பரவியபோது குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோய், டாக்டர் திலிப் மகலநாபிஸ் இந்த உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். நாம் செய்யும் தவறு கரைப்பதில். ஒரு லிட்டர் பாக்கெட்டை டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கரைக்கக்கூடாது, உப்பு அதிகமாகிவிடும். முழு பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட்டு மீதியைக் கொட்டுங்கள். கூடவே தரும் ஜிங்க் மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும். கடையில் டெட்ரா பாக்கெட்டில் வரும் இனிப்புப் பானம் இதற்கு மாற்று ஆகாது. அந்த மாதிரிப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025-இல் தடை போட்டது.

சொறி சிரங்குக்கு ஒரு ஆளுக்கு மட்டும் களிம்பு வாங்கிப் பயனில்லை. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும், அரிப்பு இல்லாதவரும், ஒரே ராத்திரியில் கழுத்துக்குக் கீழே விரல் இடுக்கு வரை தடவி, காலையில் குளித்து, போர்வையையும் உடையையும் வெந்நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவருக்கு ஆறும்போது இன்னொருவரிடமிருந்து திரும்பத் தொற்றும்.

கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச் சத்து மாத்திரை பாதிக்குப் பாதி பரணில் கிடக்கிறது. மலம் கறுப்பாகப் போகும், அது சாதாரணம், பயப்பட வேண்டாம். டீயோடும் காபியோடும் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் போடாமல் ஒன்றைப் பகலில், மற்றதை ராத்திரி என்று பிரித்துக்கொள்ளுங்கள். குமட்டினால் நர்ஸிடம் சொல்லி நேரத்தை மாற்றலாம், தூக்கிப் போடாதீர்கள்.

நாய் கடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், கழுவிவிட்டு அன்றே போங்கள். தோலுக்குள் போடும் தடுப்பூசியை முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களும் என்று நான்கு நாள் போட வேண்டும். "நாய் நல்லாத்தான் இருக்கு" என்று மூன்றாவதோடு நிறுத்துகிறவர்கள் ரொம்பப் பேர். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்துக்குள் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவை, அது இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று கேட்டு அன்றைக்கே அங்கே போங்கள். பாம்புக்கடிக்குக் கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வரவும் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். கட்டுவிரியன் கடித்தால் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது, விடியும்போது இமை திறக்க முடியாமல் போகும், அதனால் தடம் தெரியவில்லை என்று தூங்கப் போய்விடாதீர்கள்.

ஜன்னலுக்கு உள்ளே நடக்கும் தவறுகளையும் சொல்லிவிட வேண்டும். போன மாதம் எவ்வளவு செலவானதோ அதை வைத்தே இந்த மாதத்துக்கு இன்டென்ட் (மருந்து கேட்கும் பட்டியல்) போடுவது பல இடங்களில் வழக்கம். ஒரு மருந்து பத்து நாள் ஸ்டாக் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பத்து நாளும் செலவு பூஜ்யம்தானே, அந்தக் குறைந்த கணக்கை வைத்து அடுத்த மாதம் இன்னும் குறைவாகக் கேட்பார்கள், தட்டுப்பாடு தானாகவே தொடரும். இல்லாத நாட்களைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே பாராசிட்டமாலும் ஓஆர்எஸ்ஸும் கூடுதலாகக் கேட்டு வைக்க வேண்டும், காய்ச்சல் வந்த பிறகு கேட்டால் மாவட்டம் முழுக்க ஒரே நேரத்தில் கேட்கும். புதிதாக வந்த பெட்டியை முன்னால் அடுக்கிப் பழையதைப் பின்னால் தள்ளினால் பின்னால் இருப்பது காலாவதியாகும். ஒரு மாதத்துக்கு எழுதியதைப் பத்து நாளுக்குப் பிரித்துக் கொடுத்தால் நோயாளிக்கு மாதம் மூன்று நாள் கூலி போகும், இரண்டாவது முறை வரவே மாட்டார்.

நோயாளி பக்கத்திலிருந்து ஒன்று. "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க" என்று சொன்னால் பேசாமல் திரும்பாதீர்கள். மருந்தின் பெயரை ஓபி சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், அதற்குப் பதிலாக இருக்கிற வேறு மருந்து சரிப்படுமா என்று டாக்டரிடம் திரும்பப் போய்க் கேளுங்கள், பக்கத்து நிலையத்தில் இருக்கிறதா என்று போன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அழைத்து ஊர், நிலையம், மருந்து மூன்றையும் சொல்லிப் புகாராகவே பதிவு செய்யுங்கள்.