டர்பனிலிருந்து குவேக்நெட்: சேனலுக்குள் போகுமுன் செய்யவேண்டியவை

குவேக்நெட் என்ற ஐஆர்சி (எழுத்து அரட்டை) வலையத்தில் நிக், அதாவது அரட்டைப் பெயர், யாருக்கும் சொந்தமில்லை. வேறு பல ஐஆர்சி வலையங்களில் பெயரைப் பதிந்து காப்பாற்றிக்கொள்ளலாம். இங்கே அந்த வசதியே கிடையாது. நேற்று நீங்கள் வைத்திருந்த பெயரை இன்று வேறொருவர் போட்டுக்கொண்டு, உங்கள் அணிக்காரரிடமே ஆட்ட சர்வரின் கடவுச்சொல்லைக் கேட்கலாம். ஆள் இன்னார் என்று காட்டுவது 'கியூ' என்ற தானியங்கி நிரலிடம் (பாட்) எடுக்கும் கணக்கு ஒன்றுதான். அதை முடித்துவிட்டுச் சேனலுக்குள் (அரட்டை அறைக்குள்) போங்கள்.

1997-ல் குவேக்வேர்ல்டு என்ற இணைய ஆட்டத்தை ஆடுகிறவர்களுக்காகத் தொடங்கிய வலையம் இது. 2005-ல் ஒரே நேரத்தில் 2,40,000 பேருக்கு மேல் இணைந்திருந்தார்கள். கூட்டத்தில் பெரும்பகுதி பின்னாளில் டிஸ்கார்டுக்குப் போய்விட்டது. ஆனாலும் பழைய ஆட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் சேனல்களைத் தேடுகிறவர்கள் முதலில் தட்டிப்பார்க்கவேண்டிய கதவு இதுதான்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். ஒவ்வொன்றும் சாய்கோட்டில் தொடங்கும்.

விண்டோஸுக்கு எம்ஐஆர்சி 7 அல்லது ஹெக்ஸ்சாட் என்ற அரட்டை மென்பொருள் போதும். ஹெக்ஸ்சாட்டின் கடைசிப் பதிப்பு 2024 பிப்ரவரியில் வந்தது, இனிப் புதியது வராது. என்றாலும் வேலை செய்கிறது. சர்வர் முகவரி 'ஐஆர்சி புள்ளி குவேக்நெட் புள்ளி ஆர்க்', போர்ட் 6667. இந்தப் போர்ட்டில் போகும் எழுத்து மறையாக்கம் இல்லாமல் போகிறது. வங்கிக்கோ மின்னஞ்சலுக்கோ வைத்திருக்கும் கடவுச்சொல்லை இங்கே பயன்படுத்தவே வேண்டாம். சர்வர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் இருப்பதால் டர்பனிலிருந்து 150 முதல் 200 மில்லிநொடி வரை தாமதம் இருக்கும். ஆட்டத்தில் அது தலைவலி. அரட்டையில் தெரியவே தெரியாது.

நிக் 15 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, எண்ணில் தொடங்கக்கூடாது, தமிழிலும் வைக்கமுடியாது. கணக்கின் பெயராக எது வேண்டுமோ அதையே முதலில் நிக்காக வைத்துக்கொண்டு, '/எம்எஸ்ஜி கியூ ஹலோ' என்று எழுதி மின்னஞ்சல் முகவரியை இரண்டு முறை தட்டுங்கள். தற்காலிகக் கடவுச்சொல் அஞ்சலில் வரும். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். உள்நுழைவுக்கான 'ஆத்' கட்டளையையும், கடவுச்சொல் மாற்றும் 'நியூபாஸ்' கட்டளையையும் வெறும் கியூவுக்கு அனுப்பினால் ஏற்காது. 'கியூ @ சிசர்வ் புள்ளி குவேக்நெட் புள்ளி ஆர்க்' என்ற முழு முகவரிக்கு அனுப்பவேண்டும். புதிய கடவுச்சொல் 6 முதல் 10 எழுத்து வரை.

அடுத்தது '/மோட்', உங்கள் நிக், '+எக்ஸ்'. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கணக்கில் நுழைந்து +எக்ஸும் போட்டபிறகு உங்கள் ஐபி முகவரி மறைந்து, அதன் இடத்தில் 'கணக்கின் பெயர் புள்ளி யூசர்ஸ் புள்ளி குவேக்நெட் புள்ளி ஆர்க்' நிற்கும். இரண்டில் எது முந்தினாலும் சரி. இரண்டுமே சேனலுக்கு முன் முடியவேண்டும். சேனலுக்குள் போனபிறகு மறைத்தால் அங்கிருப்பவர்கள் ஐபியை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். தோற்ற கோபத்தில் ஒருவன் வெள்ளமாகப் பாக்கெட் அனுப்பி வீட்டு இணையத்தை அடித்துப் போட அந்த ஒரு வரி போதும்.

ஒவ்வொரு முறையும் கையால் தட்டினால் ஒருநாள் மறந்துபோகும். எம்ஐஆர்சியில், இணைந்ததும் தானே ஓடும் கட்டளைகளுக்கான 'பெர்ஃபார்ம்' பெட்டியில் ஆத் வரி, +எக்ஸ் வரி, பிறகு '/டைமர் 1 10 /ஜாயின்' என்று சேனல் பெயரோடு எழுதுங்கள். அந்த 10 நொடி கியூ பதில் சொல்லக் கொடுக்கும் அவகாசம். ஹெக்ஸ்சாட்டில் உள்நுழைவு முறையாகச் 'சேலஞ்ச் ஆத்' தேர்ந்தால் கடவுச்சொல் அப்படியே கம்பியில் போகாது. ஆனால் 'யூசர் நேம்' பெட்டியில் கியூ கணக்கின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கவேண்டும். 'தவறான கடவுச்சொல்' என்று வந்தால் முதலில் அங்கே பாருங்கள். +எக்ஸை இணைப்புக் கட்டளைகளில் சேருங்கள். சேனலில் சேரும் தாமதம் 5 நொடி என்று இருக்கும், 10 ஆக்குங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க '/ஹூஇஸ்' போட்டு உங்கள் நிக்கையே கேளுங்கள்.

இனித் தமிழ். பாட்டி தாத்தாவிடம் பேசும் தமிழைச் சேனலிலும் எழுத நினைப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஐஆர்சியில் ஒரு வரி 512 பைட். உங்கள் பெயர், முகவரி, சேனல் பெயர் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும். செய்திக்கு ஏறத்தாழ 400 மிஞ்சும். 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால் 8 பைட். தமிழில் 21, ஏனென்றால் ஒவ்வொரு எழுத்தும் 3 பைட், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே இன்னொரு 3 பைட் தின்னும். ஆக இடைவெளியோடு சேர்த்து வரிக்குப் பதினெட்டு வணக்கம்தான். அதற்குமேல் நீண்டால் வால் அறுந்துபோகும்; வெட்டு எழுத்தின் நடுவில் விழுந்தால் கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். சேனல் தலைப்புக்கு 250 பைட், அதாவது பத்துப் பதினொரு சொல். எழுத்துருவை நிர்மலா யூஐ ஆக்குங்கள். முனையத்தில் ஓடும் ஐஆர்எஸ்எஸ்ஐ போன்றவற்றில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும். தமிழ் எழுதுகிறவர்களுக்கு அது வேண்டாம். சேனல் பெயரை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள்.

லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்தால் ரவுட்டருக்கு மட்டும் மின்கலம் வைத்துப் பயனில்லை, சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் வேண்டும். பெட்டி 6 வாட், ரவுட்டர் 12 வாட் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு 36 வாட்-மணி. 8,800 எம்ஏஎச் என்று விற்கும் குட்டி யூபிஎஸ்ஸின் கணக்கு 3.7 வோல்ட்டில், பெருக்கினால் 32.6 வாட்-மணிதான், மாற்று இழப்பு வேறு. ஒரு படி பெரிதாக வாங்குங்கள்.

இணைப்பு அறுந்து திரும்பும்போது பழைய நிக் சில நிமிடம் பேயாகத் தொங்கும். அதை விரட்டக் கட்டளை இல்லை. மாற்று நிக் ஒன்றை அமைப்பில் வைத்திருங்கள். உடனுக்குடன் திரும்பத் திரும்ப மோதினால் சர்வர் 'த்ராட்டில்ட்' என்று வெளியே தள்ளும். மறுஇணைப்பு இடைவெளியை 30 நொடியாவது வையுங்கள். அறவே அறுந்துபோகாமல் இருக்கவேண்டுமானால் ஸெட்என்சி பவுன்சரை (உங்களுக்காக எப்போதும் இணைந்தே இருக்கும் இடைநிரலை) வீட்டில் அல்ல, வாடகை சர்வரில் ஓட்டுங்கள். அதில் குவேக்நெட்டுக்கென்றே 'கியூ' என்ற மாட்யூல் உண்டு. முகவரி மறைந்தபிறகே சேனலில் சேரும்படி அதுவே பார்த்துக்கொள்ளும்.

சொந்தச் சேனலுக்குக் கியூ வேண்டுமானால், சில நாள் உண்மையாகவே ஆட்கள் பேசிக்கொண்டிருக்கட்டும். பிறகு, கேட்பவர்களின் சேனலுக்குக் கியூவைக் கொடுக்கும் 'ஆர்' என்ற பாட்டுக்கு '/எம்எஸ்ஜி ஆர் ரிக்வெஸ்ட்பாட்' என்று சேனல் பெயரோடு அனுப்புங்கள். வெறும் சேனலுக்குக் கிடைக்காது. நண்பருக்கு ஆப் (சேனலை நடத்தும் அதிகாரம்) கொடுக்க 'சான்லெவ்' கட்டளையில் சேனல் பெயர், அவர் கணக்கின் பெயர், '+ஏஓ'. கணக்கின் பெயருக்கு முன் ஹேஷ் குறி போடவேண்டும். விட்டுவிட்டால் கியூ அதை நிக் என்று எடுத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் அந்த நிக்கில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கு ஆப் போய்ச்சேரும்.