பாரம்பரியக் குழுக்களின் பூசைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன் வழக்கிலிருந்த பழைய இலத்தீன் பூசை எங்கே நடந்தாலும் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. பீடம், உடை, செபங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அந்தக் குரு எந்த ஆயரின் கீழ் நிற்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியாது.

1988இல் உரோமையின் ஒப்புதலோடு எழுந்த புனித பேதுரு குருக்கள் சபை திருத்தந்தையோடு முழு ஒன்றிப்பில் உள்ளது. அதன் பூசையில் நெருடலே இல்லை. பேராயர் மார்செல் லெபெவ்ர் 1970இல் தொடங்கிய பத்தாம் பயஸ் சபை வேறு. பாளையங்கோட்டையிலும் அதற்கு இல்லம் உண்டு. 1988 ஜூன் 30 அன்று திருத்தந்தையின் ஆணையின்றி அவர் நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார். அதனால் அந்த நால்வர் மீது வந்த திருச்சபை விலக்கத்தை (திருவருட்சாதனங்களைப் பெறத் தடைசெய்யும் தண்டனையை) திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009 ஜனவரியில் நீக்கினார். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், இச்சபையின் குருக்கள் திருச்சபையில் முறையான பணி எதையும் ஆற்றவில்லை என்று தெளிவாக எழுதினார். விலக்கம் நீங்கிவிட்டது, ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்பது இதனால்தான் தவறு. 1958இல் பன்னிரண்டாம் பயஸ் இறந்தபின் திருத்தந்தையே இல்லை என்று சொல்லும் குழுக்களை இவர்களோடு சேர்த்துப் பேசுவதும் தவறு. பத்தாம் பயஸ் சபை திருத்தந்தையை ஏற்று, பூசையில் அவர் பெயரைச் சொல்கிறது.

பூசையின் நடுவே திருத்தந்தையின் பெயரும் ஆயரின் பெயரும் வருகின்றனவா என்று கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். பழைய முறையில் அந்தப் பகுதியைக் குரு தாழ்ந்த குரலில்தான் சொல்வார். முன்கூட்டியே நேராகக் கேளுங்கள்: உங்களுக்குக் குருப்பட்டம் கொடுத்த ஆயர் யார்? பணி செய்ய அதிகாரம் தந்தவர் யார்? பூசையில் திருத்தந்தை லியோவின் பெயரையும் மறைமாவட்ட ஆயரின் பெயரையும் சொல்கிறீர்களா? பதில் மழுப்பலாக இருந்தால் அங்கே போக வேண்டாம். தனித்து இயங்கும் சிலருடைய குருப்பட்டமே ஐயத்துக்குரியது.

ஞாயிறுதோறும் பூசையில் பங்கேற்கும் கடமை விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பத்தாம் பயஸ் சபையின் பூசைக்கு ஒருமுறை போனாலே விலக்கம் வந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது உண்மையல்ல. கத்தோலிக்க முறையில் எங்கே திருப்பலி நடந்தாலும் அதில் பங்கேற்றால் கடமை நிறைவேறும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1248. உரோமையின் ஆணையம் ஒன்று 2003இல் வெளியான பதிலில் இதையே இச்சபைக்கும் பொருத்திச் சொன்னது. ஆனால் போகும்படி பரிந்துரைக்கவில்லை. போவதன் முதன்மை நோக்கம் திருத்தந்தையிடமிருந்து பிரிந்து நிற்பதாக இருந்தால் அது பாவம் என்றும், பழைய முறைமேல் பக்தியால் மட்டும் போனால் பாவமில்லை என்றும் பிரித்துக் காட்டியது. ஆகவே, ஏன் போகிறேன் என்று மனச்சான்றைக் கேட்பது சடங்குக் கேள்வி அல்ல. ஒழுக்கத் தீர்ப்பே அதில்தான் தங்கியிருக்கிறது.

மிகவும் விலை கொடுக்க வேண்டிய தவறு, பூசை செல்லுபடியாகும் என்பதால் மற்ற திருவருட்சாதனங்களும் செல்லுபடியாகும் என்று முடிவு கட்டுவது. பாவசங்கீர்த்தனத்துக்குக் குருப்பட்டம் மட்டும் போதாது. சட்டம் 966இன்படி பாவமன்னிப்பு வழங்க அதிகாரமும் வேண்டும். அதிகாரம் இல்லாதவர் சொல்லும் மன்னிப்பு செல்லாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் இரக்கத்தின் ஆண்டுக்காகப் பத்தாம் பயஸ் சபைக் குருக்களுக்கு இந்த அதிகாரத்தை அளித்து, 2016 நவம்பரில் கால வரம்பின்றி நீட்டித்தார். அந்தச் சலுகை அச்சபைக்கு மட்டுமே. அதிலிருந்து பிரிந்த குழுக்களுக்கும் திருத்தந்தையை மறுப்போருக்கும் அது பொருந்தாது. சாவு ஆபத்தில் இருப்பவருக்கு மட்டும் எந்தக் குருவும் மன்னிப்பு வழங்கலாம் (சட்டம் 976).

திருமணம் இன்னும் நுட்பமானது. ஆயர், பங்குத்தந்தை அல்லது அவர்களால் அதிகாரம் பெற்றவர் முன்பும், இரண்டு சாட்சிகள் முன்பும் சம்மதம் தெரிவிக்க வேண்டும். 2017இல் உரோமை வகுத்த வழி இது: இயன்றவரை மறைமாவட்டக் குரு ஒருவர் வந்து மணமக்களின் சம்மதத்தைப் பெறுவார், பிறகு சபைக் குரு பூசை வைப்பார், அது முடியாவிட்டால் ஆயர் சபைக் குருவுக்கே அதிகாரம் தரலாம். ‘தரலாம்’ என்பதால் அது தானாக வந்துவிடாது. அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பே மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்மொழி உறுதியை நம்பித் தாலி கட்டிய பிறகு, பங்குப் பதிவேட்டில் திருமணமே இல்லை என்று தெரியவருவது குடும்பத்துக்குப் பெரிய வேதனை.

கடைசியாக, மெல்ல நடக்கும் ஒரு நழுவல். 1990களில் உரோமை எழுதிய பதில்கள், பத்தாம் பயஸ் சபையின் சிற்றாலயங்களுக்குப் போவது மட்டுமே பிரிவினையில் சேர்ந்ததாகாது, ஆனால் நாளடைவில் பிரிவினை மனநிலை ஊறிவிடும் என்று எச்சரித்தன. பங்குக்கோயிலின் நற்கருணையை ஐயத்தோடு பார்ப்பது, ஆயரின் பெயரைக் கேட்டாலே எரிச்சல் கொள்வது, பிள்ளைகளிடம் “அது உண்மையான பூசை இல்லை” என்று சொல்வது: இவை தலைகாட்டினால் போவதை நிறுத்துங்கள். பழைய முறைதான் வேண்டுமென்றால் ஆயரிடம் கேட்கும் வழி இருக்கிறது. 2021 முதல் அதற்கு அனுமதி தருவதில் கட்டுப்பாடுகள் கூடியிருந்தாலும் கேட்பதே முறை.

முறையின்றித் திருமணம் ஏற்கெனவே முடிந்துவிட்டதா? பங்குத்தந்தையைப் பாருங்கள். சம்மதத்தைப் புதுப்பித்துச் செல்லுபடியாக்கலாம். சம்மதம் தொடர்ந்து நீடித்தால், புதுப்பிக்காமலே ஆயர் அதை வேரிலிருந்து, அதாவது தொடக்கம் முதலே செல்லுபடியானதாக, சீராக்கவும் முடியும்.